கிராசலேமாவின் மலைப்பாதைகள்

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில், அந்தலூசியா மாநிலத்தின் காதிஸ் மாவட்டத்தில் கிராசலேமா என்னும் சிற்றூர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில், ஒரு பெரிய சாம்பல் நிறப் பாறையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் அது. மக்கள் தொகை சுமார் இரண்டாயிரம். வீடுகளின் சுவர்களெல்லாம் வெள்ளை, கூரைகளெல்லாம் மங்கிய சிவப்பு ஓடு. மதிய உணவுக்குப் பிறகு கடைகளை அடைத்துவிட்டு ஊரே ஓய்வெடுக்கும். அந்த நேரத்தில் தெருவில் நடப்பவருக்குத் தம் காலடி ஓசையே பெரிதாகக் கேட்கும்.

வார இறுதியில் நிலைமை வேறு. காலையிலேயே செவியா, காதிஸ், மாலகா போன்ற நகரங்களிலிருந்து கார்கள் வந்து சேர்கின்றன. இறங்குபவர்களின் கால்களில் தடித்த காலணிகள், முதுகில் பை, கையில் ஊன்றுகோல். அவர்கள் ஊரைப் பார்க்க வரவில்லை. ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் நடக்க வருகிறார்கள்.

ஸ்பெயினின் தென்பகுதி என்றால் வெயிலும் வறண்ட மண்ணும் ஒலிவ மரங்களும்தான் பலருடைய நினைவுக்கு வரும். அது பெரும்பாலும் சரியே. ஆனால், கிராசலேமா அந்தக் கணக்கில் அடங்காது. இந்த மலைகளில் ஓர் ஆண்டில் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சிங்கப்பூரில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையும் ஏறத்தாழ இதே அளவுதான். ஸ்பெயினில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் கிராசலேமாவும் ஒன்று. இதே அந்தலூசியாவின் கிழக்கு மூலையில் இருக்கும் கபோ தெ கத்தா என்ற கடற்கரைப் பகுதியோ ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழையைக்கூட எளிதில் காண்பதில்லை. ஒரே மாநிலத்திற்குள் இவ்வளவு வேறுபாடு!

இதற்குக் காரணம் காற்றும் மலையும் சந்திக்கும் விதம். அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று, தாழ்வான சமவெளியைத் தடையின்றிக் கடந்து வருகிறது. அது முதலில் மோதும் உயரமான சுவர் இந்த மலைத்தொடர்தான். மேலே தள்ளப்படும் காற்று குளிர்கிறது. ஈரம் மேகமாகி, மழையாகக் கொட்டுகிறது. இந்த மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்வதில்லை என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும். இலையுதிர்காலம் முதல் வசந்தகாலம் வரைதான் மழை. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஒரு துளிகூட விழாமல் போவதுண்டு. குளிர்காலத்தில் வெள்ளமாக ஓடும் ஓடையில் கோடைகாலத்தில் வெறும் கற்கள்தாம் கிடக்கும். இந்த மலைகளின் கதை முழுவதும் அந்த இரண்டு பருவங்களுக்கு இடையில்தான் நடக்கிறது.

பெய்யும் மழை எங்கே போகிறது? இங்குள்ள மலைகள் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. மழைநீர் அந்தப் பாறையை மெல்ல மெல்லக் கரைத்து வெடிப்புகளையும் குழிகளையும் குகைகளையும் உண்டாக்குகிறது. நீர் மேலே தேங்காமல் உள்ளே இறங்கிவிடுகிறது. எங்கோ உச்சியில் பெய்த மழை, வேறெங்கோ அடிவாரத்தில் ஊற்றாகப் பீறிட்டு வருகிறது. கிராசலேமாவை ஒட்டி ஓடும் குவாதலேத்தே ஆறும் இந்த மலைகளில்தான் பிறந்து, காதிஸ் வளைகுடாவில் கடலோடு கலக்கிறது.

பாறையின் இந்தக் குணத்தைச் சரியாக எடைபோடாமல் மனிதர்கள் ஒருமுறை பெரும் பொருளை இழந்தார்கள். மலைத்தொடரின் கிழக்கு விளிம்பில் மொந்தெஹாக்கே என்ற ஊருக்கு அருகே, 1920களில் மின்சாரம் எடுப்பதற்காக ஓர் அணை கட்டப்பட்டது. எண்பது மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணை அது. அந்தக் காலத்தில் பெரிய சாதனை. அணை உறுதியாக நின்றது. தண்ணீர்தான் நிற்கவில்லை. தேக்கிய நீர் பாறை இடுக்குகளில் புகுந்து, நிலத்தடிக் குகைகள் வழியாகப் பல கிலோமீட்டர் கடந்து, ‘பூனைக் குகை’ எனப்படும் வேறொரு குகையின் வாயில் வெளியே கொட்டியது. வெடிப்புகளை அடைக்கச் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அணை இன்றும் அங்கே நிற்கிறது. அதன் பின்னால் ஏரி இல்லை, செடிகொடிகள்தாம் இருக்கின்றன.

இந்த மலைப்பாதைகளைச் சுற்றுலாவுக்காக யாரும் புதிதாக வெட்டவில்லை. பல நூற்றாண்டுகளாக வயிற்றுப் பிழைப்புக்காக நடந்தவர்களின் கால்கள் உண்டாக்கிய தடங்களே பெரும்பாலானவை. ஆட்டிடையர்கள் தம் மந்தைகளைப் பருவத்திற்கேற்ப மேலும் கீழும் ஓட்டிச் சென்றார்கள். கரிமூட்டம் போடுபவர்கள் மரங்களை வெட்டி, மண்ணால் மூடி எரித்து, கரியைக் கழுதைகளின் முதுகில் ஏற்றி இறக்கினார்கள். சுண்ணாம்புக் கற்களைச் சூளையில் சுட்டவர்கள் வேறு. அந்தச் சுண்ணாம்புதான் ஊர்ச் சுவர்களின் வெள்ளை. ஜிப்ரால்டரிலிருந்து புகையிலையைக் கடத்தி வந்தவர்களும் காவலர்கள் ஏறத் தயங்கும் மலைவழிகளையே நம்பினார்கள். இன்று ஒரு நடைப்பயணி உடற்பயிற்சிக்காக ஏறும் அதே ஏற்றத்தில், ஒரு காலத்தில் ஒருவர் ஒரு மூட்டை கரியோடு இறங்கியிருப்பார்.

பாதைகளில் கணவாய்களின் பெயர்கள் அடிக்கடி வரும். ஸ்பானிய மொழியில் கணவாயைப் ‘புவெர்த்தோ’ என்பார்கள். துறைமுகத்திற்கும் அதே சொல்தான். கடலில் கப்பல் நுழையும் வாயிலும் மலையில் மனிதர் நுழையும் வாயிலும் அந்த மொழியில் ஒன்றே. ‘புறாக்களின் புவெர்த்தோ’ என்ற பெயரை வரைபடத்தில் பார்க்கும் வெளியூர்க்காரர், மலை உச்சியில் துறைமுகம் எப்படி வந்தது என்று ஒரு கணம் விழிக்கக்கூடும்.

கிராசலேமாவுக்கு நடப்பவர்களை இழுக்கும் பாதைகளில் முதன்மையானது பின்சாப்போ காட்டுப் பாதை. ஊருக்கு மேலே செல்லும் சாலையோரத்தில் அது தொடங்குகிறது. தொடக்கமே கடுமை. பைன் மரங்களுக்கு நடுவே செங்குத்தாக ஏற வேண்டும். மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் திரும்பிப் பார்த்தால், கீழே கிராசலேமா ஒரு கைப்பிடி வெள்ளைக் கூழாங்கற்களைக் கொட்டி வைத்ததுபோல் கிடக்கும். இப்படி ஏறி ஏறி, சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாயை அடைந்ததும் பாதை மலையின் வடக்குச் சரிவுக்குத் திரும்புகிறது.

அங்கே எல்லாமே மாறிவிடுகிறது. வெயில் பின்னால் நின்றுவிடும். காற்றில் குளிர்ச்சி ஏறும். சரிவெங்கும் கரும்பச்சை நிறத்தில் கூம்பு வடிவ மரங்கள். காலடியில் உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தைபோல் கிடப்பதால் நடக்கும் ஓசைகூடக் குறைந்துவிடுகிறது. ஐரோப்பாவின் வடபகுதிக்கு வந்துவிட்டோமோ என்ற எண்ணம் வரும். ஆனால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் இந்த மலைகளின் உயரமான இடங்களிலிருந்து தெற்கே பார்த்தால் ஆப்பிரிக்காவின் மலைகள் கண்ணுக்குத் தெரியும்.

அந்த மரம்தான் பின்சாப்போ. தேவதாரு, பைன் போன்ற ஊசியிலை மரங்களின் இனத்தைச் சேர்ந்தது. முப்பது மீட்டர் உயரம்வரை வளரக்கூடியது. இதன் இலைகள் குட்டையானவை, விறைப்பானவை. கிளையின் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லாமல் சுற்றிலும் முளைத்திருக்கும். புட்டி கழுவும் தூரிகையை நினைத்துக்கொண்டால் போதும். காய்கள் தொங்குவதில்லை; கிளையின் மேல் மெழுகுவத்திபோல் நிமிர்ந்து நிற்கின்றன.

உலகில் இம்மரம் இயற்கையாக வளரும் இடங்கள் மிகச் சில. கிராசலேமா மலை, அதற்குக் கிழக்கே உள்ள சியெர்ரா தெ லாஸ் நியேவெஸ் எனப்படும் பனி மலை, தெற்கே உள்ள சியெர்ரா பெர்மெஹா எனப்படும் செம்மலை ஆகிய மூன்றும் தெற்கு ஸ்பெயினில், ஒன்றுக்கொன்று அருகிலேயே இருக்கின்றன. ஜிப்ரால்டர் நீரிணைக்கு அப்பால், மொரோக்கோவின் ரிஃப் மலைகளில் இதன் நெருங்கிய உறவான ஒரு மரம் வளர்கிறது. அவ்வளவுதான். உலகின் தட்பவெப்பம் வேறாக இருந்த மிகப் பழைய காலத்தில், இதன் முன்னோர்கள் மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பரவியிருந்தன. பின்னர் நிலம் சூடாகி வறண்டபோது அந்த மரங்கள் குளிர்ச்சியைத் தேடி மேலே மேலே ஒதுங்கின. மழைமேகம் முட்டும் வடக்குச் சரிவுகள் மட்டுமே மிஞ்சின. கிராசலேமாவில் எஞ்சியிருக்கும் அந்தக் காடு சில நூறு ஹெக்டேர் பரப்புதான்.

அறிவியல் உலகம் இம்மரத்தை அறிந்தது 1830களில். பியர் எட்மோன் புவாசியே என்ற சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் 1837இல் தெற்கு ஸ்பெயினில் பயணம் செய்து, அடுத்த ஆண்டு இதைத் தனி இனமாக வரையறுத்து வெளியிட்டார். அவர் ‘கண்டுபிடித்தார்’ என்று நூல்கள் எழுதுகின்றன. அதற்கு முன்பே மலைவாசிகள் இம்மரத்தைப் பெயர் சொல்லி அழைத்து வந்தார்கள். அந்தப் பெயரைத்தான் புவாசியே தம் அறிவியல் பெயரிலும் சேர்த்துக்கொண்டார். எனவே, அவர் உலகத்துக்கு அறிமுகம் செய்தார் என்று சொல்வதே பொருத்தம்.

அந்த மலைவாசிகள் மரத்தைப் பெயர் சொல்லி அழைத்ததோடு நிற்கவில்லை, வெட்டவும் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால், குளிர்காலத்தில் அடுப்பெரிக்க வேறு வழியில்லாத வீடுகள் அவை. மரம் கட்டடத்துக்கும் கரிக்கும் போனது. மிச்சமிருந்த சரிவுகளில் ஆடுகள் மேய்ந்தன. முளைவிட்டு ஒரு சாண் உயர்ந்த கன்றை ஆடு கடித்துவிட்டால் அதன் கதை முடிந்தது. முதிய மரங்கள் நின்றன. அவற்றுக்கு அடியில் இளைய தலைமுறை இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பின்சாப்போ காடு மிகவும் சுருங்கிப் போயிருந்தது.

அது மீண்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று சட்டம். 1977இல் யுனெஸ்கோ நிறுவனம் கிராசலேமாவை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 1984இல் அந்தலூசிய அரசு அதை இயற்கைப் பூங்காவாக்கியது. மற்றொன்று, அவ்வளவு மகிழ்ச்சி தராத காரணம். 1950, 60களில் சமையல் எரிவாயு உருளைகள் வந்தபின் கரிக்கு மதிப்பு குறைந்தது. மலையில் பிழைக்க முடியாத குடும்பங்கள் பார்சலோனாவுக்கும் ஜெர்மனிக்கும் வேலை தேடிப் போயின. கரி வெட்டியவர் போனார். ஆடு மேய்த்தவரில் பலரும் போனார்கள். மனிதர்கள் ஊரைவிட்டு வெளியேறிய அதே ஆண்டுகளில்தான் காடு மூச்சுவிடத் தொடங்கியது. இன்று பாதையோரத்தில் நெருக்கமாக நிற்கும் நடுத்தர வயது மரங்களில் பல, அந்தப் பிரிவின் காலத்தில் முளைத்தவை.

இப்போது அந்தக் காட்டுக்குப் பெரிய அச்சுறுத்தல் கோடரியோ ஆடோ அல்ல, தீ.

மத்தியதரைக் கடற்பகுதியின் மரங்கள் பல, தீயோடு வாழப் பழகியவை. இந்த மலைகளிலும் அண்டைக் காடுகளிலும் வளரும் தக்கை ஓக் மரம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புட்டிகளுக்கு மூடி செய்ய உதவும் அதன் தடித்த பட்டை, தீயின் சூடு உள்ளே போகாமல் தடுக்கிறது. எரிந்து கருகியதுபோல் தெரியும் மரம் அடுத்த வசந்தத்தில் துளிர்க்கும். பின்சாப்போவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதன் பட்டை மெல்லியது. எரிந்த அடிமரத்திலிருந்து அது துளிர்ப்பதில்லை. தீக்குப் பிறகு முளைப்பதற்கென்று விதைகளைச் சேமித்து வைப்பதும் இல்லை. ஈரமும் நிழலும் நிறைந்த சரிவில் வாழ்ந்து பழகிய மரம், தீயை எதிர்பார்த்துத் தன்னை அமைத்துக்கொள்ளவில்லை. பல லட்சம் ஆண்டுகளின் மாற்றங்களைத் தாங்கி நின்ற காடு, ஒரே ஒரு கோடைப் பிற்பகலில் இல்லாமல் போய்விடலாம்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2021 செப்டம்பரில், பின்சாப்போ வளரும் மூன்று மலைகளுள் ஒன்றான சியெர்ரா பெர்மெஹாவில் தீப்பிடித்தது. ஏறத்தாழ 10,000 ஹெக்டேர் நிலம் எரிந்தது. ஆயிரக்கணக்கானோர் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டனர். தீயணைப்பாளர் ஒருவர் உயிரிழந்தார். தீயின் வெப்பத்தால் புகையே மேகமாகத் திரண்டு எழுந்து, காற்றின் போக்கையே மாற்றியது. விமானங்களும் நூற்றுக்கணக்கான வீரர்களும் பல நாள் போராடினார்கள். கடைசியில் பெய்த மழைதான் பெரிய உதவியாக வந்தது.

இதனால்தான் கிராசலேமாவின் முக்கியப் பாதைகள் எப்போதும் எல்லாருக்கும் திறந்திருப்பதில்லை. பின்சாப்போ காடு, கர்கந்தா வெர்தே பள்ளத்தாக்கு, மாவட்டத்தின் மிக உயர்ந்த சிகரமான எல் தொர்ரெயோன் ஆகியவற்றுக்குச் செல்ல முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். எல் போஸ்கே என்ற அண்டை ஊரில் பூங்காவின் வருகையாளர் நிலையம் இருக்கிறது. கட்டணம் இல்லை, ஆனால், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு உண்டு. ஜூன் முதல் அக்டோபர் நடுப்பகுதிவரை, காடு காய்ந்து கிடக்கும் மாதங்களில் கட்டுப்பாடுகள் இன்னும் இறுகும். ஏறத்தாழ 1,650 மீட்டர் உயரமுள்ள எல் தொர்ரெயோனுக்கு அப்போது யாருமே ஏற முடியாது.

இந்த விதி எல்லாருக்கும் இனிக்காது. தொலைவிலிருந்து விடுமுறைக்கு வந்த குடும்பம், பாதையின் வாயிலில் அறிவிப்பைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகும்போது அந்த ஏமாற்றம் உண்மையானது. விடுதி நடத்துபவருக்கும் உணவகம் வைத்திருப்பவருக்கும் வருகையாளர் குறைவது வருமான இழப்பு. பள்ளி விடுமுறை இருப்பதே கோடையில்தானே! இருந்தாலும், எரிந்த மலைக்கு எந்தப் பருவத்திலும் யாரும் நடக்க வரப்போவதில்லை. வருகையாளர்களை நம்பி வாழும் ஊர், ஆண்டின் நான்கைந்து மாதங்களுக்கு அவர்களைத் தடுத்து நிறுத்தித்தான் பிற மாதங்களின் வருகையைக் காப்பாற்றிக்கொள்ள முடிகிறது.

கர்கந்தா வெர்தே பாதையில் கட்டுப்பாட்டுக்குக் காரணம் வேறு. ‘கர்கந்தா’ என்றால் தொண்டை. ‘வெர்தே’ என்றால் பச்சை. மலையை யாரோ கத்தியால் கீறியதுபோல் ஆழமாகவும் குறுகலாகவும் இறங்கும் பள்ளத்தாக்கு அது; இருபுறமும் பாறைச் சுவர்கள் சில இடங்களில் ஏறத்தாழ 400 மீட்டர் உயரம். மேலிருந்து அடிவரை வளைந்து வளைந்து இறங்க வேண்டும். அடியில், கோயில்போல் குவிந்த ஒரு பெரிய குகை இருக்கிறது. இறங்குவது எளிது என்று மகிழ்பவர்கள், அதே வழியாக ஏறித்தான் திரும்ப வேண்டும் என்பதைப் பாதி வழியில்தான் உணர்வார்கள்.

அந்தப் பாறைச் சுவர்களின் இடுக்குகளில் கிரிஃபன் கழுகுகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. இவை பிணந்தின்னிக் கழுகுகள். விரித்த சிறகின் அகலம் இரண்டரை மீட்டரைத் தாண்டும். உடல் கனமானது என்பதால் சிறகை அடித்துக்கொண்டே நெடுந்தொலைவு பறக்க இவற்றால் முடியாது. வெயில் ஏறி, பாறை சூடாகி, வெப்பக் காற்று மேலெழும்வரை காத்திருக்கும். பின்னர், அந்தக் காற்றில் ஏறி வட்டமிட்டு உயரும். காலையில் சீக்கிரம் செல்லும் நடைப்பயணிக்குப் பாறையில் அமர்ந்திருக்கும் கழுகுகள் தெரியும். தாமதமாகச் செல்பவருக்குத் தலைக்கு மேல் மிதக்கும் நிழல்கள் தெரியும். ஓர் இணை ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடுகிறது. மனிதர்களின் சத்தத்தால் தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழுந்து போனால், அந்த ஆண்டின் முயற்சியே வீணாகிவிடலாம். அதனால், அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும் மாதங்களில் பள்ளத்தாக்குக்குள் இறங்குவது கட்டுப்படுத்தப்படுகிறது.

கழுகுகளுக்கும் ஆட்டிடையர்களுக்கும் ஒரு பழைய ஒப்பந்தம் இருந்தது. மலையில் இறந்த ஆட்டையோ மாட்டையோ இடையர் அங்கேயே விட்டுவிடுவார். கழுகுகள் வந்து சில மணி நேரத்தில் எலும்பை மட்டும் விட்டுவைக்கும். நோய் பரவாது, புதைக்கும் வேலையும் இல்லை. ‘பைத்தியக்கார மாட்டு நோய்’ ஐரோப்பாவை அச்சுறுத்தியபோது, இறந்த கால்நடைகளை வயலில் விடக்கூடாது, சேகரித்து அழிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் விதி கொண்டுவந்தது. மக்களின் உடல்நலத்துக்காகச் செய்த அந்த விதி, ஸ்பெயினின் பல இடங்களில் கழுகுகளைப் பட்டினி போட்டது. பிழையை உணர்ந்து, பத்தாண்டுக்குள் விதியைத் தளர்த்தினார்கள். இப்போது குறிப்பிட்ட பகுதிகளில் இறந்த கால்நடைகளைக் கழுகுகளுக்காக விட்டுவைக்க அனுமதி உண்டு.

ஆடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மலைக்கே உரிய பயோயா என்ற வெள்ளாட்டு இனமும் கிராசலேமா மெரினோ என்ற செம்மறி இனமும் இங்கே வளர்கின்றன. பயோயா ஆட்டின் பாலில் செய்யும் பாலாடைக்கட்டி இன்று ஸ்பெயின் முழுவதும் பெயர்பெற்றது. செம்மறியின் கம்பளியால் நெய்த போர்வைகள் ஒரு காலத்தில் கிராசலேமாவைச் செல்வம் மிக்க ஊராக்கின. இயந்திரத் தறிகள் பிற ஊர்களில் பெருகியதும் அந்தத் தொழில் தேய்ந்து, இன்று பழைய முறையை நினைவூட்டும் அளவுக்கே எஞ்சியிருக்கிறது. பாலாடைக்கட்டி பிழைத்துக்கொண்டது. ஆனால், ஆண்டு முழுவதும் விடுமுறையின்றி மலையில் மந்தையோடு அலைய முன்வரும் இளையர்கள் குறைவு.

அது இடையர்களின் குடும்பக் கவலை மட்டும் அன்று. மந்தை குறைந்த இடங்களில் புதரும் காய்ந்த புல்லும் அடர்ந்து வளர்கின்றன. கோடையில் ஒரு பொறி விழுந்தால், அந்தப் புதர்களே தீயை மரங்களின் தலைக்கு ஏற்றிவிடும் ஏணி. காட்டில் தீ பரவாமல் இருக்க, ஆங்காங்கே செடிகொடிகளை அகற்றி வெற்றுப் பட்டைகள் விடுவது வழக்கம். அவற்றை இயந்திரங்களால் சீராக்குவது செலவு மிகுந்த வேலை. செங்குத்தான சரிவுகளில் இயந்திரம் ஏறவும் ஏறாது. எனவே, அந்தலூசிய அரசு இடையர்களோடு உடன்பாடு செய்துகொள்கிறது. குறித்த தீத்தடுப்புப் பட்டைகளில் இடையர் தம் மந்தையை மேய்க்க வேண்டும். எவ்வளவு நன்றாக மேய்ந்திருக்கிறது என்று அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். அதற்கேற்பப் பணம் கிடைக்கும். பின்சாப்போ கன்றைக் கடித்ததால் ஒரு காலத்தில் காட்டின் எதிரியாக எண்ணப்பட்ட ஆடு, இன்று எல்லைக்கு வெளியே நின்று புல்லைக் கடித்துக் காட்டைக் காக்கிறது. ஆடு மாறவில்லை, அது எங்கே, எப்போது மேய்கிறது என்பதுதான் மாறியிருக்கிறது.

நெடுந்தூரம் ஏற முடியாதவர்களுக்கும் இங்கே வழி இருக்கிறது. எல் போஸ்கே ஊருக்கும் பெனமாவோமா ஊருக்கும் இடையில், மஹாசெய்த்தே என்ற சிற்றாற்றின் கரையை ஒட்டி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள பாதை ஒன்று செல்கிறது. வழியெங்கும் மர நிழல். ஆற்றைக் குறுக்கே கடக்கச் சிறு மரப்பாலங்கள். இந்த ஆற்று நீரால் ஒரு காலத்தில் மாவு ஆலைகள் சுழன்றன. முதியவர்களும் சிறு பிள்ளைகளும் நடக்கும் பாதை இது.

பின்சாப்போ பாதையின் மறுமுனையும் இதே பெனமாவோமாதான். காட்டைக் கடந்து, ஓக் மரங்களுக்கு நடுவே இறங்கி, நான்கைந்து மணி நேர நடைக்குப் பின் அந்தச் சிற்றூரின் முதல் வெள்ளைச் சுவர் தென்படும். ‘பெனா’ என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் இந்தப் பகுதியில் பல உண்டு. இன்னாரின் மக்கள் என்று பொருள்படும் அரபுச் சொல்லின் சுவடு அது. பல நூற்றாண்டுகள் இங்கே முஸ்லிம்களின் ஆட்சி நடந்ததை, வரைபடத்தைப் பார்த்தாலே அறிந்துகொள்ளலாம். தொடங்கிய இடத்திற்குத் திரும்ப வேண்டியவர்கள் வாடகைக் காரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. சுண்ணாம்பு மலையில் மழை எவ்வளவு பெய்தாலும் வழியில் குடிநீர் கிடைக்கும் என்று நம்பக்கூடாது. குளிர்காலத்தில் மூடுபனி இறங்கினால் அடுத்த வழிகாட்டிக் கம்பம்கூடக் கண்ணுக்குத் தெரியாது.

அக்டோபர் நடுவில் கோடைக் கட்டுப்பாடு முடிகிறது. பெரும்பாலான ஆண்டுகளில் அதற்குள் முதல் மழை பெய்து மண் நனைந்திருக்கும். பின்சாப்போ மரங்களில் நிமிர்ந்து நிற்கும் காய்கள் முற்றுவதும் அந்தப் பருவத்தில்தான். அவை முழுதாகக் கீழே விழுவதில்லை. மரத்திலேயே செதில் செதிலாக உதிர்கின்றன. ஒவ்வொரு செதிலோடும் சிறகு முளைத்த விதைகள் சுழன்று இறங்குகின்றன. கோடை முழுவதும் காத்திருந்து அனுமதி பெற்று வரும் முதல் நடைப்பயணிகளின் தோளிலும் தொப்பியிலும் அவை ஒட்டிக்கொள்ளும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் விழும் சில விதைகள் வசந்தத்தில் முளைக்கும். முதல் சில ஆண்டுகளில் அந்தக் கன்று ஒரு சாண் உயரம்கூட வளராது. பாதையைவிட்டு விலகாமல் நடக்கும்படி அறிவிப்புப் பலகைகள் கேட்டுக்கொள்வது, காலடியில் கண்ணுக்குப் படாமல் நிற்கும் அந்தக் கன்றுகளுக்காகத்தான்.